செயற்கை மொழியின் வினைச்சொல்லுக்குப் பூர்வீகம் தேடுவது எப்படி: 'ஷாத்தி'யை வைத்து ஒரு வழிகாட்டி

எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியைப் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே 'ஷாத்தி' என்ற வினைச்சொல் வந்துவிடும். பாடப் புத்தகம் அதற்கு 'பிடிக்கும்' என்று பொருள் போட்டிருக்கும். கொஞ்சம் பழைய அகராதியைத் திறந்தால் 'உயர்வாக மதி' என்று இருக்கும். புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றும். 'இந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கும்' என்று சொல்கிறோமா, 'இந்தப் புத்தகத்தை மதிக்கிறேன்' என்று சொல்கிறோமா?

இந்த ஒரு சொல்லுக்கு விடையை நானே சொல்லிவிடலாம். அடுத்த வாரம் வேறொரு வினைச்சொல் வந்து இதே கேள்வியைக் கேட்கும். அதனால் தேடும் முறையைச் சொல்லித் தருகிறேன். ஷாத்தி நமக்கு மாதிரிப் பொருள். நடுவில் டோக்கி போனா என்ற இன்னொரு செயற்கை மொழிக்கும் ஒரு எட்டு போய் வருவோம்.

தொடங்குமுன் ஒன்று. 'வா' என்ற சொல்லை முதலில் சொன்னவர் யார் என்று யாராலும் காட்ட முடியாது. செயற்கை மொழியில் அப்படியில்லை. ஒருவர் உட்கார்ந்து யோசித்து, எழுதி, அச்சிட்டிருக்கிறார். ஆண்டு இருக்கிறது, பக்கம் இருக்கிறது. பிறப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். சுலபமாக இருப்பதாலேயே பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். பிறந்த பிறகு அந்தச் சொல்லைப் பேசியவர்கள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

படி 1: சொல்லைப் பிரியுங்கள்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு இது கைவந்த கலை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறையும் தேடி மண்டையை உடைத்துக்கொண்டோமே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. எஸ்பெராண்டோ வினையில் சந்தியும் கிடையாது, விகாரமும் கிடையாது. 'வா' என்பது 'வந்தான்' ஆகும்போது 'வ' என்று குறுகுவது போன்ற விளையாட்டு எதுவும் நடக்காது. பகுதி கல் மாதிரி அப்படியே நிற்கும். விகுதி மட்டும் மாறும்.

'ஷாத்' என்பது பகுதி. 'இ' சேர்ந்தால் ஷாத்தி, வினையின் பெயர். 'அஸ்' சேர்ந்தால் நிகழ்காலம்: ஷாத்தஸ். 'இஸ்' இறந்தகாலம், 'ஓஸ்' எதிர்காலம், 'உஸ்' என்றால் 'அப்படியிருந்தால் செய்வேன்' என்ற பாவனை, வெறும் 'உ' ஏவல் அல்லது விருப்பம். திணை, பால், எண், இடம் எதுவும் விகுதியில் தெரியாது. நான், அவள், அவர்கள் எல்லாருக்கும் ஒரே ஷாத்தஸ்தான்.

மொழியின் பெயரையே பிரித்துப் பழகலாம். 1887 ஜூலையில், வார்சாவில், லுட்விக் ஸாமன்ஹோஃப் என்ற இளம் கண் மருத்துவர் ரஷ்ய மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மொழிக்கு அவர் வைத்த பெயர் 'சர்வதேச மொழி' என்பதுதான். நூலில் தன் சொந்தப் பெயரைப் போடாமல் 'தொக்தோரோ எஸ்பெராண்டோ' என்று போட்டுக்கொண்டார். எஸ்பெர் என்றால் நம்பிக்கை கொள். இடையில் வரும் துண்டு 'செய்துகொண்டிருக்கிற' என்ற பொருளுள்ள எச்ச விகுதி. கடைசி 'ஓ' பெயர்ச்சொல் விகுதி. ஆக, 'நம்பிக்கையோடு இருக்கிற மருத்துவர்'. புனைபெயர் மொழியின் பெயராகிவிட்டது. அதாவது மொழியின் பெயரே ஒரு வினையின் பிள்ளை.

பிரிக்கும்போது ஒரு பள்ளம் உண்டு. 'அவாரோ' என்ற சொல்லை 'அவார்-ஓ' என்று பிரித்தால் கஞ்சத்தனம். 'அவ்-ஆர்-ஓ' என்று பிரித்தால் தாத்தாக்களின் கூட்டம். இரண்டுமே இலக்கணப்படி சரி. அதனால் உங்கள் கைக்கு வந்தபடி பிரித்துவிட்டு 'கண்டுபிடித்தேன்' என்று குதிக்காமல், அந்தப் பகுதி அகராதியில் தனிப் பதிவாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: எழுத்தின் தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எஸ்பெராண்டோவில் ஆறு எழுத்துகள் தலையில் குறி சுமக்கும். ஷாத்தியின் முதலெழுத்து அதில் ஒன்று: எஸ் எழுத்து, மேலே ஒரு சிறு கூரை. கூரையை எடுத்துவிட்டால் 'ஷ' போய் 'ஸ' ஆகிவிடும். 'ஸாத்தி' என்பது வேறு குடும்பத்துச் சொல்; வயிறு நிறைந்திருப்பதைக் குறிப்பது.

இதில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். எதிர்ப்பொருள் காட்ட இந்த மொழியில் 'மல்' என்ற முன்னொட்டைச் சேர்ப்பார்கள். மல்ஷாத்தி என்றால் பிடிக்காமல் இருப்பது, துச்சமாக நினைப்பது. மல்ஸாத்தி என்றால் பசித்திருப்பது. ஒரு கதையைப் பற்றி எழுத்து வழி உரையாடலில் பேச்சு வந்தது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. விசைப்பலகையில் கூரை எழுத்து இல்லை. சோம்பலில் வெறும் எஸ்ஸைத் தட்டி 'மி மல்ஸாத்தஸ்' என்று அனுப்பிவிட்டேன். பதில் உடனே வந்தது: 'அப்படியானால் முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கதையைப் பிறகு பேசலாம்.'

தேடும்போதும் இதே சிக்கல்தான். கூரை எழுத்து தட்ட வழியில்லாதவர்கள் அந்த எழுத்துக்குப் பின்னால் எக்ஸ் சேர்த்து எழுதுவது வழக்கம். ஸாமன்ஹோஃப் காலத்து வழக்கம் எச் சேர்ப்பது. பழைய உரைகளிலோ இணையத்திலோ ஒரு வினையைத் தேடினால் மூன்று வடிவத்திலும் தேடுங்கள். இல்லையென்றால் பாதிச் சான்றுகள் கண்ணில் படாமலே போகும்.

படி 3: முதல் பதிவைப் பிடியுங்கள்

எஸ்பெராண்டோவுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 1905-இல் பிரான்சின் புலோன்-சுர்-மேர் நகரில் முதல் உலக மாநாடு கூடியபோது, 'ஃபுண்டமெண்டோ' என்ற நூலை மொழியின் அடித்தளமாக ஏற்றுக்கொண்டார்கள். அதில் 16 விதிகள் கொண்ட இலக்கணம், பயிற்சிகள், ஓர் அகராதி மூன்றும் உண்டு. இதை யாரும் திருத்தக் கூடாது, சேர்க்க மட்டுமே செய்யலாம் என்பது அன்றைக்கே போட்ட விதி. இன்றும் அதுதான் நடைமுறை.

அந்த அகராதி விளக்கம் எழுதாது. ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் என்று ஐந்து மொழிகளில் நிகர்ச்சொல் மட்டும் போட்டிருக்கும். புதியவர்கள் செய்யும் தவறு, தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலக் கட்டத்தை மட்டும் படிப்பது. ஐந்தும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் பொருள் இருக்கிறது. ஒரு மொழியின் சொல்லுக்கு நான்கு பொருள் இருக்கலாம். ஐந்து மொழிச் சொற்களுக்கும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஷாத் பகுதியை இப்படி வைத்துப் பார்த்தால், 'மதிப்புள்ளதாகக் கருது' என்ற பக்கம்தான் பொதுவாக நிற்கிறது.

உங்கள் மொழி எஸ்பெராண்டோ இல்லையென்றால் இந்தப் படி வேறு மாதிரி இருக்கும். கிளிங்கன் போல ஒருவர் திரைப்படத்துக்காகச் செய்த மொழி என்றால், அந்தச் சொல் அதை ஆக்கிய மார்க் ஓக்ராண்ட் தந்ததா, ரசிகர்கள் சேர்த்ததா என்பதே முதல் கேள்வி. அந்தக் கூட்டத்தில் இதற்காகச் சண்டையே போடுவார்கள்.

படி 4: எந்த மொழியிலிருந்து வந்தது?

ஷாத்திக்கு ஜெர்மன் பக்கம்தான் மூலம். ஜெர்மனில் 'ஷெட்ஸன்' என்றொரு வினை. அதற்கு இரண்டு வேலை: ஒன்று, இவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுவது, மற்றொன்று, ஒருவரை மதிப்பது. பக்கத்திலேயே 'ஷாட்ஸ்', புதையல் என்ற பெயர்ச்சொல். இத்தோடு நிறுத்தாதீர்கள். ஸாமன்ஹோஃப் பிறந்தது 1859-இல், பியாவிஸ்தோக் என்ற ஊரில். அன்று அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. தெருவில் ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், அங்கிருந்த யூதர்கள் பேசிய யிட்டிஷ் எல்லாம் புழங்கின. யிட்டிஷில் இதே வினை 'ஷாட்ஸன்'. உயிரெழுத்து 'ஆ' ஆகவே இருக்கிறது. போலிஷ்காரர்களும் ஜெர்மனிலிருந்து இதைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்: 'ஷாத்ஸுனெக்' என்றால் மதிப்பீடு, மரியாதை இரண்டும். ஆக, ஒரே சொல் மூன்று வீட்டு வாசலிலும் கிடந்தது. எந்த வாசலில் எடுத்தார் என்று தீர்ப்பு எழுதுவதைவிட, மூன்றையும் குறித்து வைப்பது நேர்மை.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த இரட்டைப் பொருள் புதிதாக இருக்காது. 'மதி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரை மதிக்கிறோம், நிலத்தை மதிப்பிடுகிறோம். 'மதிப்பு' என்ற ஒரே சொல் மரியாதையாகவும் இருக்கிறது, விலையாகவும் இருக்கிறது. ஜெர்மன் வினைக்கு நேர் தமிழ் இதுதான். ஆனால் எஸ்பெராண்டோ இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டது. மதிப்பிடுவதற்குத் 'தாக்ஸி' என்று தனி வினை வைத்தது. மரியாதையை ஷாத்திக்கு விட்டது. ஆட்கள் மேல் காட்டும் மரியாதைக்கு 'எஸ்தீமி'யும் இருக்கிறது. கடிதத்தில் 'மதிப்பிற்குரிய' என்று தொடங்க வேண்டுமானால் எஸ்தீமியிலிருந்து வரும் 'எஸ்திமாத்தா'தான். ஒரு சொல்லை இரவல் வாங்கும்போது பொருளில் பாதியை மட்டும் வாங்குவது இந்த மொழியில் அடிக்கடி நடக்கும். இதைக் கவனிக்காமல் மூல மொழியின் பொருளை முழுசாகத் தூக்கிவந்து வைத்தால் தப்பாகிவிடும்.

ஒலி ஒற்றுமையை நம்பி ஏமாறுவது இந்தப் படியில்தான். நம்மவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். எஸ்பெராண்டோவில் 'உம்' என்று ஒரு விகுதி இருக்கிறது. நண்பன் என்ற 'அமிக்'கோடு சேர்த்து 'அமிக்கூமி' என்றால் நண்பர்களோடு பொழுதுபோக்குவது. குறிப்பிட்ட பொருள் இல்லாத, ஒட்டவைக்க மட்டுமே பயன்படும் விகுதி. அதைப் பார்த்ததும் 'நம்ம உம்மை!' என்று துள்ளியவர்கள் உண்டு. டோக்கி போனாவில் ஆள், மனிதன் என்பதற்கு உச்சரிப்பில் 'யான்'. நம் பழந்தமிழ் 'யான்' கண்முன் வந்து நிற்கும். ஆனால் அது கான்டனீஸ் சீனத்திலிருந்து வந்தது. ஒலி ஒத்தால் போதாது. ஆக்கியவருக்கு அந்த மொழி தெரியுமா, பொருள் ஒத்துவருகிறதா, அதே மூலத்திலிருந்து வேறு சொற்களும் வந்திருக்கின்றனவா என்று மூன்றையும் கேளுங்கள்.

படி 5: யார் எழுவாய், எது செயப்படுபொருள்?

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். பூர்வீகம் தேடுகிறவர்கள் இதைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தமிழில் 'எனக்கு இந்த நூல் பிடிக்கும்' என்கிறோம். பிடிப்பது நூல், நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். 'நான் இந்த நூலைப் பிடிக்கிறேன்' என்றால் கையால் பிடிப்பது ஆகிவிடும். ஷாத்தி இதற்கு நேர் எதிர். 'மி ஷாத்தஸ் லா லிப்ரோன்' என்பதில் மி, அதாவது நான், எழுவாய். லிப்ரோ என்ற நூலுக்குக் கடைசியில் 'ன்' ஒட்டியிருக்கிறதே, அது நம் 'ஐ' உருபு செய்யும் அதே வேலை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நான் நூலை விரும்புகிறேன்' என்ற அமைப்பு. தமிழ்க்காரர்கள் முதல் மாதத்தில் 'அல் மி ஷாத்தஸ்' என்று எழுதுவார்கள். 'எனக்கு' என்பதை அப்படியே போட்டுவிடுவதால் வரும் பிழை.

எஸ்பெராண்டோவில் 'எனக்கு' அமைப்பும் இருக்கிறது, வேறு வினையில். 'பிளாச்சி' என்பது அந்த வினை. 'தீயோ பிளாச்சஸ் அல் மி': அது எனக்குப் பிடிக்கிறது. தமிழின் 'பிடிக்கும்' உண்மையில் இதற்குத்தான் நேர். பாடப் புத்தகத்தில் ஷாத்திக்கு எதிரே 'பிடிக்கும்' என்று போட்டது பொருளளவில் தப்பில்லை. வாக்கிய அமைப்பில் குழியில் தள்ளிவிடும். 'விரும்பு' என்று போட்டிருந்தால் பாதிப் பிழைகள் வந்தே இருக்காது.

அமைப்பு வேறுபட்டால் பொருளும் நூலளவு வேறுபடும். பிளாச்சியில் பொருள் தானாக வந்து மனதைத் தொடுகிறது. ஒரு ஓவியத்தை முதல் தடவை பார்த்ததும் சொல்லலாம். ஷாத்தியில் நான் அதைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிறேன். 'மதி' என்ற பழைய வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருப்பது இங்கேதான்.

எந்த வினையை ஆராய்ந்தாலும் அது செயப்படுபொருள் ஏற்குமா, ஏற்காதா என்று பாருங்கள். இந்த மொழியில் அது வினையோடு பிறந்த குணம். நாம் 'விளக்கு எரிகிறது, விளக்கை எரிக்கிறேன்' என்று ஒரே அடியை வலிந்து மெலிந்து மாற்றுகிறோம். அவர்கள் 'ப்ரூலி' என்றால் எரிவது மட்டும். எரிப்பதற்கு நடுவில் 'இக்' சேர்த்து 'ப்ரூலீக்கி' ஆக்க வேண்டும். தன்வினை, பிறவினை படித்த நமக்கு இது பழகிய பாதை. 'தொடங்கு' போன்ற இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'கூட்டம் தொடங்கியது', 'கூட்டத்தைத் தொடங்கினார்' இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. எஸ்பெராண்டோவின் 'கொமேன்ஸி'யைச் செயப்படுபொருள் இல்லாமல் தனியே விட முடியாது. கூட்டம் தானாகத் தொடங்க வேண்டுமானால் வேறு விகுதி சேர்க்க வேண்டும்.

படி 6: பிள்ளைகளைப் பாருங்கள்

ஒரு வினையின் இன்றைய பொருளை அதன் பிள்ளைகள் காட்டிக்கொடுத்துவிடும். ஷாத்தியிலிருந்து 'ஷாத்தாத்தா' என்ற பெயரடை. 'மீயா ப்லேய் ஷாத்தாத்தா லிப்ரோ' என்றால் 'எனக்கு மிகவும் பிடித்த நூல்'. இதை யாரும் 'என்னால் மிகவும் மதிக்கப்படும் நூல்' என்ற விறைப்போடு சொல்வதில்லை. ஓய்வுநேர ஆர்வத்துக்கு 'ஷாத்தொக்கூப்போ' என்ற சொல்: ஷாத், அதோடு ஈடுபாடு என்ற ஒக்கூப்போ. மதிக்கும் வேலை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை; பிடித்துச் செய்யும் வேலை. ஆனால் 'இந்தா' என்ற தகுதி விகுதி சேர்த்து 'ஷாத்திந்தா' என்றால் பாராட்டத்தக்கது. இங்கே பழைய மதிப்பு அப்படியே இருக்கிறது. மல்ஷாத்தி நடுவழியில் நிற்கிறது. சிலர் வாயில் அது 'பிடிக்கவில்லை', சிலர் எழுத்தில் 'இகழ்கிறேன்'. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாமல் முடிவு செய்யாதீர்கள்.

இப்படிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், தாய்ச்சொல் மதிப்பிலிருந்து விருப்பத்துக்குப் போன பாதை தெரிகிறது. எல்லாப் பிள்ளைகளும் கூடவே போகவில்லை என்பதும் தெரிகிறது.

படி 7: மாற்றி வைத்துப் பாருங்கள்

இனி வாக்கியங்கள் வேண்டும். எஸ்பெராண்டோ உரைகளைத் தொகுத்துத் தேடித் தரும் 'தெக்ஸ்த்தாரோ' என்ற சேமிப்பு இருக்கிறது. அதில் பழையவை பத்து, புதியவை பத்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஷாத்தி இருக்கும் இடத்தில் தமிழில் ஒருமுறை 'மதி' போடுங்கள், ஒருமுறை 'விரும்பு' போடுங்கள். எது ஒட்டுகிறது, எது பல்லிளிக்கிறது என்று எழுதி வையுங்கள்.

உதாரணத்துக்கு, 'மி ஷாத்துஸ் லேகி தீயோன்'. அதைப் படித்தால் நன்றாக இருக்கும் என்று பணிவாகக் கேட்பது. 'மதி' போட்டால் 'அதைப் படிப்பதை நான் மதிப்பேன்'. மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. வினையோடு இன்னொரு வினை சேர்ந்து வரும் இந்த அமைப்பில் 'மதி'க்கு இடமே இல்லை. மாறாக 'மி ஷாத்தஸ் வீயன் ஹெல்ப்போன்' என்றால் 'உங்கள் உதவியை நான் பெரிதாக எண்ணுகிறேன்'. இங்கே 'விரும்பு' போட்டால் அல்பமாக இருக்கும். ஆக விதி இப்படி வருகிறது: பின்னால் வினை வந்தால் விருப்பம், பின்னால் ஒருவரின் குணமோ உழைப்போ உதவியோ வந்தால் மதிப்பு, பொருள் வந்தால் இரண்டும் வரலாம், சூழல் பார்க்க வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை நான் படிக்கவில்லை. இருபது வாக்கியத்தை மாற்றிப் போட்டுப் பார்த்ததில் கிடைத்தது. உங்கள் இருபதில் வேறு ஏதாவது கிடைக்கலாம்.

பெரிய அகராதியான 'ப்லேனா இலுஸ்த்ரீத்தா வோர்த்தாரோ', முதல் பதிப்பு 1970, இரண்டு பொருளையும் ஏற்கிறது. அதைக் கடைசியில் திறந்து சரிபாருங்கள். முதலிலேயே திறந்தால் நீங்கள் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதே வேலை, டோக்கி போனாவில்

சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட மொழி இது. சுமார் 120 சொற்களில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்க்கும் மொழி. இதில் அன்புக்கு உள்ள சொல் 'ஒலின்'. மூலம் குரோவேஷிய மொழியின் 'வோலிம்', 'நான் நேசிக்கிறேன்'.

வோலிம் எப்படி ஒலின் ஆனது? டோக்கி போனாவில் ஒன்பது மெய்யும் ஐந்து உயிரும்தான். 'வ' ஒலி உண்டு. ஆனால் 'வு', 'வோ' என்ற சேர்க்கைகள் கூடாது. சொல்லின் கடைசியில் 'ன்' மட்டுமே மெய்யாக வரலாம். முதல் விதியால் வோ, ஓ ஆகிறது. இரண்டாவது விதியால் ம், ன் ஆகிறது. இந்த இரண்டும் எங்கோ படித்த மாதிரி இல்லையா? உ, ஊ, ஒ, ஓ நான்கும் வகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம். அதனால்தான் 'வோட்டு' என்பதை 'ஓட்டு' ஆக்கிக்கொண்டோம். அறம், அறன் ஆவதும் கலம், கலன் ஆவதும் நம் கடைப்போலி. வோலிம் தமிழ்நாட்டுக்கு வந்து குடியேறியிருந்தாலும் கிட்டத்தட்ட ஒலின் ஆகியிருக்கும். இது உறவு இல்லை, தற்செயல். ஆனால் பிறப்பு விதியை நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படி 5-ஐ இங்கேயும் போடுங்கள். 'மி ஒலின் ஏ சினா': நான் உன்னை நேசிக்கிறேன். 'ஏ' என்பது செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் அடையாளம். ஆனால் ஒரு நூல் பிடிக்கும் என்று சொல்ல ஒலினைத் தொடமாட்டார்கள். 'நி லி போனா தவா மி': இது எனக்கு நல்லது. அதே நான்காம் வேற்றுமை அமைப்பு! இந்த மொழியில் தமிழ்க்காரர் தாராளமாக 'எனக்கு' என்று தொடங்கி யோசிக்கலாம். ஒலினை ஆட்களுக்கும் ஆழமான பாசத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஆண்-பெண் காதலை மட்டும் குறிப்பதில்லை. தோழமை, பரிவு, மரியாதை எல்லாம் அதில் அடக்கம்.

புதிதாக முளைத்த வினைகள்

அடித்தள நூலில் இல்லாத வினைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு மாதிரி போதும்.

முதலாவது 'எல்ஷூத்தி', கோப்பைப் பதிவிறக்குவது. பிரித்தால் 'எல்', வெளியே, 'ஷூத்தி', கொட்டு. ஷூத்தியின் மூலம் ஜெர்மன் 'ஷுட்டன்'. தானியம், மணல் போன்றவற்றைக் கொட்டுவதற்கு எஸ்பெராண்டோவில் ஷூத்தி. தண்ணீரை ஊற்றுவதற்கு 'வெர்ஷி'. தமிழும் கொட்டுவதையும் ஊற்றுவதையும் இப்படித்தான் பிரிக்கிறது. தரவைத் தண்ணீராகப் பார்க்காமல் தானியமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு இந்தச் சொல் மறக்கவேயில்லை. நாம் 'இறக்குகிறோம்', அவர்கள் 'வெளியே கொட்டுகிறார்கள்'. 'தேஷூத்தி' என்று சொல்பவர்களும் உண்டு. நம்மிடம் பதிவிறக்கம், தரவிறக்கம் என்று இரண்டு ஓடவில்லையா, அது மாதிரி. பதிவேற்றத்துக்கு 'அல்ஷூத்தி'.

இரண்டாவது 'க்ரோக்கோதீலி'. க்ரோக்கோதீலோ என்றால் முதலை. கடைசி எழுத்தை இ ஆக்கினால் வினை. முதலைத்தல்! எஸ்பெராண்டோ பேச வேண்டிய கூட்டத்தில் உங்கள் தாய்மொழிக்காரரைப் பார்த்ததும் தாய்மொழியில் அளக்கத் தொடங்கினால், நீங்கள் முதலைத்துவிட்டீர்கள். வாய் பெரிது, மூளை சிறிது என்பதால் முதலை என்று ஒரு கதை சொல்வார்கள். வேறு கதைகளும் உண்டு, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இப்படிப்பட்ட வினையில் உங்கள் குறிப்பில் 'கதை' என்று தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள், 'மூலம்' என்ற வரியில் க்ரோக்கோதீலோ என்பதோடு நிறுத்துங்கள். இதைத் தொடர்ந்து வந்தது ஒரு விலங்குக் காட்சிசாலை. இருவருக்கும் தாய்மொழியல்லாத மூன்றாவது மொழியில் பேசிக்கொண்டால் 'கைமானி', கைமன் என்ற முதலை வகையின் பெயரில். வேறு மொழி பேசுவதே பொருத்தமான இடத்தில் எஸ்பெராண்டோவைத் திணித்தால் 'கவியாலி', நீள்மூக்கு முதலையின் பெயரில். பாதி விளையாட்டுச் சொற்கள் இவை. பொருள் ஆளுக்கு ஆள் சற்று மாறும்.

குறிப்பு எழுதும் விதம்

நான் ஒரு சொல்லுக்கு ஒரு அரைப்பக்கம் ஒதுக்குகிறேன். ஷாத்திக்கு என் ஏட்டில் இருப்பது இது:

ஷாத்தி. பகுதி ஷாத், முதலெழுத்துக்குக் கூரை உண்டு. ஸாத்தியோடு குழப்பாதே (பசி!). 1905 அடித்தள அகராதியில் உண்டு. மூலம் ஜெர்மன், யிட்டிஷிலும் போலிஷிலும் உறவு. தொடக்கப் பொருள் மதி. இன்றைய பொருள் விரும்பு. பின்னால் வினை வந்தால் விரும்பு மட்டும். செயப்படுபொருள் ஏற்கும், 'எனக்கு' போடாதே. அக்கம்பக்கம்: பிளாச்சி, எஸ்தீமி, தாக்ஸி. பிள்ளைகள்: ஷாத்தாத்தா, ஷாத்திந்தா, ஷாத்தொக்கூப்போ. சந்தேகம்: மல்ஷாத்தி எவ்வளவு கடுமை? இன்னும் பத்து வாக்கியம் பார்க்க வேண்டும்.

கடைசி வரியை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன். அடுத்ததாக எடுக்க ஒரு வினை வேண்டுமானால் 'பராக்தி'யைப் பரிந்துரைப்பேன். தண்ணீரில் விழுந்தவர் கைகாலை உதைத்துத் தத்தளிப்பது. இது ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்தது. செயப்படுபொருள் ஏற்குமா என்று நீங்களே பாருங்கள்.